அக்காவின் படத்தில் இல்லாத நாடு

என் அக்கா உலகப்படம் வரைகிறாள். பள்ளிக்கூடச் சுவரில் தொங்குமே, அது இல்லை. நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல்காரர்கள் சொன்னதைக் கேட்டு யாரோ வரைந்த படங்களைக் கோடு பிசகாமல் கையால் திரும்ப வரைகிறாள். புதுவீடு கட்டியவர்கள் வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிறார்கள். சட்டம் அடிப்பது நான். கண்ணாடி கீறினால் என் தலை உருளும், படம் அழகாக இருந்தால் அவளுக்குப் பெயர். இதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. அதன்மேல் எப்போதும் ஏதாவது ஒரு கடல் காய்ந்துகொண்டிருக்கும். தாளுக்குப் பழைய நிறம் வர, தடித்த பருத்தித் தாளைத் தேயிலைச் சாற்றில் ஊறப்போட்டுக் கொடியில் காயப்போடுவாள். அந்தச் சாற்றை நான் இரண்டு முறை தெரியாமல் குடித்திருக்கிறேன். ஒரு முறை நன்றாகக்கூட இருந்தது. கடைகளில் பழசாகக் காட்டுவதற்குத் தாளின் ஓரத்தை மெழுகுவர்த்தியில் கருக்குவார்கள். அக்காவுக்கு அது பிடிக்காது. "உலகம் எங்கடா தீப்பிடிச்சுது?" என்பாள்.

முன்பு அவள் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவளாக இருந்தாள். அங்கே மயிரிழை நகர்ந்தால் இரண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போகும். அந்தப் பயம் கையில் ஏறிப்போய்விட்டது. பழைய படங்களில் தப்பு ஏராளம் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் அவள் சட்டம் ஒன்றே ஒன்று: பழைய தப்பு எல்லாம் அப்படியே இருக்க வேண்டும், புதுத் தப்பு ஒன்றுகூட வரக்கூடாது.

சோபா நிறத்துக்குப் பொருத்தமாகக் கடலைக் கொஞ்சம் பச்சையாக்க முடியுமா என்று கேட்ட அம்மாளை வாசலோடு அனுப்பிவிட்டாள். ஒரு பல் டாக்டர், "மேடம், திமிங்கலத்துக்குக் காது இருக்கே" என்றார்.

"வரைஞ்சவர் திமிங்கலத்தைப் பார்த்ததில்ல சார். யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டிருக்கார். காதை எடுத்தா அது அவர் படம் இல்ல, என் படம் ஆயிடும்."

டாக்டர் காதோடு வாங்கிக்கொண்டு போனார்.

இப்படிப்பட்டவளுக்கு வந்து பிறந்தவள் எங்கள் வாலு. ஒரே பெண். அத்தான் தவறியபிறகு அக்காவுக்கு எல்லாமே அவள்தான். நர்ஸ் வேலை பார்க்கிறாள். வாய் கொஞ்சம் நீளம், அதனால் அந்தப் பெயர். போன மாதம் அவளுக்கு நியூசிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அக்கா அழவில்லை, தடுக்கவும் இல்லை. பெட்டி வாங்கிக் கொடுத்தாள், ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தாள். வாலு கேட்டது வேறு.

"எனக்கு ஒரு படம் வேணும்மா. அங்க என் ரூம்ல மாட்டிக்க. நான் போற ஊரு அதுல இருக்கணும்."

"அந்தக் காலத்துல அது இருக்கிறதே யாருக்கும் தெரியாதுடி. அங்க வெறும் கடல்தான்."

"நீ போட்டுடு."

"இல்லாததைப் போட முடியாது."

வாலுவின் முகம் சுருங்கிப்போனது. "திமிங்கலத்துக்குக் காது இருக்கலாம். நான் மட்டும் இருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு உள்ளே போனவள் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினோரு நாள் தாயும் மகளும் பேசவில்லை. என்னைத் தபால்காரனாக்கிவிட்டார்கள். "உப்பு போதுமான்னு கேளு." "போதும்னு சொல்லுங்க மாமா." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பெண் ஊருக்குப் போக நாள் நெருங்குகிறது, இப்படியே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே விமானம் ஏறிவிட்டால் இந்த அக்கா பிறகு எந்தக் கடலையும் நிம்மதியாக வரையமாட்டாள் என்று எனக்குக் கவலை. இரண்டு பேரையும் ஒன்றாக நிற்கவைத்துத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டவும் செய்தேன். என்னோடும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம், அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து என் வேலைமேசையில் வைத்தாள். "சட்டம் அடி" என்றாள்.

அளவுகோலை வைக்கப்போனவன் அப்படியே நின்றுவிட்டேன். நியூசிலாந்து இருந்தது. அதே பழுப்பு மை, அதே வளைந்த எழுத்து, கரையோரமாக அதே சின்னச் சின்ன மலைகள். ஆனால் உலகத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்க வேண்டியது, நம் கரைக்குப் பக்கத்தில் தொட்டும் தொடாமலும் கிடந்தது. காது வைத்த திமிங்கலம் கொஞ்சம் மேலே ஒதுங்கி வழிவிட்டிருந்தது.

"அக்கா, இடம் தப்பு."

"தெரியும்."

"நீ இப்படிப் போடமாட்டியே. அளக்க மறந்துட்டியா?"

"அளந்துதான்டா போட்டேன்." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "முதல்ல சரியான இடத்துலதான் போட்டேன். பார்க்கப் பார்க்க ரொம்பத் தூரமா இருந்துது. கிழிச்சுட்டேன். மறுபடி போட்டேன், அதையும் கிழிச்சுட்டேன். மூணு தாள் போச்சு. இது நாலாவது."

என் அக்கா தாளைக் கிழித்து நான் பார்த்ததில்லை. அளவுகோலை எடுத்து ஒரே ஓரத்தை இரண்டு முறை அளந்தேன்.

அதற்குள் வாலு பட்டறைக்குள் வந்து எங்கள் பின்னால் நின்றிருந்தாள். மேசைமேல் குனிந்தாள். தான் போகும் நாட்டைத் தேட அவளுக்கு நேரம் பிடித்தது. அது இருக்க வேண்டிய மூலையில் தேடிக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்ததும் நிமிர்ந்து, பதினோரு நாளுக்குப்பிறகு முதல்முறையாக அம்மாவை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"அம்மா, பதினாறு மணி நேரம் பிளேன்ல உட்காரணும்மா."

"உனக்கு அவ்வளவு. எனக்கு இவ்வளவுதான்டி."

கேலி செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. பெருவிரலை நம் கரையிலும் ஆள்காட்டி விரலை அந்தத் தீவிலும் வைத்தாள். விரலை அகட்ட வேண்டியிருக்கவில்லை.

"மை காயலடி, கையை எடு" என்றாள் அக்கா. மை காய்ந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வாலு கையை எடுக்கவில்லை. அக்காவும் மறுபடி சொல்லவில்லை.