ஒகுமுராவின் கடிகாரம்

ஞாயிறு காலை வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஒகுமுராவின் மகள் நடந்து வந்தாள். தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்தியாக இருந்தால் வந்திருக்க மாட்டாள். முதல் நாள் மதியத் தூக்கத்திலேயே அவர் போய்விட்டார்.

மொன்ட்ரியால் புறநகரான டொலார்டில் நம் வீடுகளில் நடக்கும் கூட்டங்களுக்கு வருபவர்கள் அவரை மறந்திருக்க மாட்டீர்கள். ரசத்தைக் கோப்பையில் கேட்டு வாங்கிக் குடித்த ஜப்பானியக் கிழவர். அவர் என்ன செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

ஜப்பானில் ஊர் ஊராக மின்சாரம் வந்துகொண்டிருந்த காலத்தில் பொறியாளர் ஆனவர். அங்கே கிழக்குப் பகுதியினர் முன்பே ஜெர்மன் இயந்திரங்களை வாங்கியிருந்தார்கள். அவற்றின் மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அலையும். மேற்கே அமெரிக்க இயந்திரங்கள், அறுபது முறை. நாடு முழுவதற்கும் ஒரே மின்சாரம் வேண்டும் என்று உத்தியோக காலமெல்லாம் வாதாடினார் ஒகுமுரா. செலவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றபின், இங்கே உலகக் கண்காட்சி நடந்த வருடம் மகளைப் பார்க்க வந்தவர் தங்கிவிட்டார்.

டோக்கியோவிலிருந்து கொண்டுவந்த மின் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டியிருந்தார். அது ஐம்பதுக்குச் செய்தது, மொன்ட்ரியாலில் அறுபது. காலையில் சரியாக வைத்தால் மதியத்துக்குள் வெகுதூரம் முந்திப் போய்விடும். ஏன் பழுதுபார்க்கவில்லை என்று கேட்டேன்.

“நான் தோற்றதை அது தினமும் சொல்கிறது. குறுக்கே பேசக் கூடாது” என்றார்.

எனக்கு அது கொஞ்சம் நாடகமாகப் பட்டது.

ஒலிம்பிக் அரங்கத்துக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது என் அம்மா சென்னையிலிருந்து வந்தார், பழைய ரெக்கார்ட் பிளேயரோடு. பனிக்காலம் முழுவதும் வீட்டில் தனியாக இருக்கப்போகிறவருக்கு அதுதான் துணை. இயற்பியல் கற்பிக்கும் நான் மின்னழுத்த வித்தியாசத்துக்கு ஒரு மின்மாற்றி வாங்கினேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். தட்டு சுழன்றதும் அம்மா காதைப் பொத்திக்கொண்டார்.

“யாருடி இவ? ரயிலைப் பிடிக்க ஓடறவ மாதிரி பாடறா!”

விஷயம் கேட்டு ஒகுமுரா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “சென்னையும் ஐம்பதா, பேராசிரியரே?”

அடுத்த வாரம், தன் நிலவறைக் கடைசல் இயந்திரத்தில் தானே கடைந்த சிறிய பித்தளை உருளையோடு வந்து அதை மோட்டார் அச்சில் பொருத்தினார். பழைய உருளையைத் தீப்பெட்டியில் போட்டு என்னிடம் தந்தார். “ஊருக்குத் திரும்பினால் இது வேண்டும்.”

அம்மா ஒரு பாட்டு முழுவதும் அசையாமல் கேட்டார். “இப்பத்தான் மூச்சு விட்டுப் பாடறா.” பிறகு, இவர் என்ன வேலை பார்த்தவர் என்று விசாரித்தார். சொன்னேன்.

“இந்த ஒரு வீட்டுலயாவது சரியாயிடுத்துன்னு அவர்கிட்ட சொல்லு.”

மொழிபெயர்த்தேன். “அப்படியானால் திட்டம் தொடங்கிவிட்டது” என்று அவர் ரசத்துக்குக் கோப்பையை நீட்டினார்.

மகள் செய்தி சொன்ன அந்த ஞாயிறு மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பழக்கத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அது முந்தியிருக்கும் நேரத்தை மனத்துக்குள் கழிக்கத் தொடங்கினேன். கைக்கடிகாரமும் அதே நேரத்தைக் காட்டியது.

“அதுவா? போன வருடமே பிரித்து ஏதோ சக்கரத்தை மாற்றினார்” என்றாள் மகள்.

அம்மா சொன்னதால்தான் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு ஆதாரம் இல்லை. தீப்பெட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஊருக்குத் திரும்புவேனா என்று தெரியவில்லை. அது அங்கேயே இருக்கட்டும்.