மீன்சுருட்டியில் இரண்டு டம்ளர் கறுப்புக் கலர்

அப்பாவுக்குக் காபியும் ஆகாது, டீயும் ஆகாது. அரை டம்ளர் உள்ளே போனால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், விடியும்வரை விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். செட்டிகுளத்தில் எங்கள் வீட்டுக்குள் அது ஒரு தொந்தரவே இல்லை. மோர், சுக்குத் தண்ணீர் என்று அம்மா சமாளித்துவிடுவாள். அத்தைக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க மீன்சுருட்டி போக வேண்டும் என்றபோதுதான் எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தோம்.

மாப்பிள்ளை வீட்டில் கொடுத்ததைக் குடித்தால் சம்மதம். டம்ளரைத் தொடாமல் எழுந்தால் பெண் கொடுக்க விருப்பமில்லை என்று அர்த்தம். ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. அத்தையோ மாப்பிள்ளையின் போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"படபடப்புன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. குடும்பத்துக்கே நெஞ்சு வியாதின்னு கதை கட்டிவிட்டுருவாங்க" என்றாள் அம்மா. எனக்கும் ஒரு ரகசிய உத்தரவு: காபி வந்தால் அப்பா டம்ளரை எப்படியாவது நான் காலி செய்துவிட வேண்டும். அப்பாவோடு ஏறிய ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைந்ததுமே அடுப்படியிலிருந்து காபி வாசனை. அப்பா பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்: "காபி பழக்கமில்லீங்க. மோர் இருந்தாக் குடுங்க."

"மொத மொதல்ல வந்திருக்கீங்க, மோரக் குடுத்து அனுப்புனா ஊரு சிரிக்காதா?" என்ற மாப்பிள்ளையின் அம்மா மகனைக் கூப்பிட்டார். "டேய், ஓடிப்போயி கலர் வாங்கியா."

பெரிய பாட்டில், கறுப்புக் கலர். எனக்கு உயிர் வந்தது. கலர் என்றால் வெறும் சர்க்கரைத் தண்ணீர்தானே! எங்கள் வீட்டில் அப்படித்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். அப்பா ஒரே மூச்சில் ஒரு டம்ளரைக் குடித்தார்.

பிறகு கொல்லைப்புறத்து முந்திரித் தோப்பைக் காட்டினார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அப்பாவின் சட்டை நனைந்திருந்தது. கை நெஞ்சுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. காபி இல்லை, டீ இல்லை, பிறகு ஏன்? நிஜமாகவே வியாதி வந்துவிட்டதோ? எனக்கு அழுகை முட்டியது.

"மிச்சம் வெக்கக் கூடாது தம்பி" என்று அந்த அம்மா பாட்டிலை மறுபடி அப்பாவின் டம்ளரில் கவிழ்த்தார். அப்பா டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டார்.

வெற்றிலைத் தட்டை வாங்கும்போது தட்டு கிடுகிடுவென்று ஆடி, பாக்கு தரையில் உருண்டது.  எல்லார் கண்ணும் அப்பா கையில். போச்சு, அத்தை கல்யாணம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா பாக்கைப் பொறுக்கித் தட்டில் வைத்தார். "தங்கச்சியக் குடுக்கணும்னதும் அண்ணனுக்குக் கை நடுங்குது பாருங்க. இவங்க வூட்டுப் பொண்ணுதான் நமக்கு வேணும்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் பெருமையாக ஒப்பித்தேன்: "காபியத் தொடவேயில்ல. அப்பாவுக்குக் கலர்தான் ரொம்பப் புடிச்சுப் போச்சு, ரெண்டு டம்ளர்!" அம்மா நிச்சயதார்த்தத்துக்கு அப்பாவுக்கென்றே ஒரு பாட்டில் வாங்கி வைத்தாள். அவர் அதைத் திறக்கவேயில்லை.

போன வருஷம் காலேஜ் கேண்டீனில் அதே கலரைக் குடித்து என் கை நடுங்கியபோதுதான், பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். காபியில் இருக்கும் அதே காஃபின். முதல் டம்ளரை அப்பா தெரியாமல் குடித்திருக்கிறார். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதையும் குடித்தாரே, அதைத்தான் நான் ருசி என்று நினைத்திருந்தேன்.