பாக்கியம் அக்கா பார்க்காத முடிவுகள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாக்கியம் அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது. அன்று பிற்பகல் நாங்கள் இருவரும் புதுப்படம் ஒன்றுக்குப் போவதாக இருந்தோம். எடுத்தால், "மிஸ், நான் கலா பேசுறேன்" என்றது அவருடைய மகளின் குரல். "அம்மா இன்னைக்கு வரமாட்டாங்க."

"ஏன், பஸ் ஓடலையா?" என்று கேட்டேன். மழை பெய்தால் அக்காவின் தோட்டத்திலிருந்து வரும் பூனாகலைப் பாதையை நம்ப முடியாது. அதைத்தான் நினைத்தேன். கலா சொன்னாள்: "விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க மிஸ். வேன் வந்து சேர்றதுக்குள்ள போயிட்டாங்க."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். இனி படத்தின் முடிவை யாரிடம் போய்ச் சொல்வேன் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய நினைப்பு. ஒரு மனுசி செத்துப்போன நேரத்தில் இப்படியா தோன்றும் என்று வெட்கமாக இருந்தது. ஆனால் எனக்கும் அக்காவுக்கும் இடையில் இருந்த உறவு அதுதான். அதற்குள் நான் அவருக்குச் சொன்ன ஒரு பொய்யும் இருக்கிறது. அதை அவரிடமே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். செய்யவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கியம் அக்கா எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் உதவியாளர். மணி அடிப்பார், வகுப்பறை கூட்டுவார், இடைவேளைக்குத் தேத்தண்ணி ஊற்றுவார். பிள்ளை எவனாவது மரத்தில் ஏறினால், அதிபருக்கு முன்னால் அக்காவின் குரல்தான் அவனைக் கீழே இறக்கும். நான் பண்டாரவளையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் கணக்கு டீச்சர். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பாடசாலையில் எல்லோருக்கும் தெரியும். வந்த முதல் மாதமே, சீனி போதவில்லை என்று அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவர் கோபிக்கவில்லை. "மிஸ் நேத்து ஏதோ நல்லா இல்லாத படம் பார்த்துட்டு வந்திருக்காங்க" என்று மற்ற டீச்சர்மாரிடம் சொன்னார். உண்மையிலேயே பார்த்திருந்தேன். அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் சினிமாப் பேச்சு.

சனிக்கிழமைகளில் வீட்டுச் சாமான் வாங்க அக்கா பண்டாரவளைக்கு வருவார். காலையில் வர முடியாது. கணவர் ராமையா அண்ணன் ஃபேக்டரியில் விழுந்து கால் போனவர். அவரைக் குளிப்பாட்டி, சமைத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். சந்தையில் லீக்ஸும் கேரட்டும், கடையில் பாண் ரொட்டியும் வாங்கிக்கொண்டு நேரே தியேட்டருக்கு வருவார். இரண்டரை மணிக் காட்சி. பையைக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தால், பக்கத்து வரிசைவரை லீக்ஸ் வாசம் அடிக்கும்.

ஆனால் தோட்டத்துக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு. நம் படங்களோ ஐந்தே காலுக்கு முன்னால் முடிந்ததாகச் சரித்திரமில்லை. நாலே முக்கால் ஆனதும் அக்கா பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். கதாநாயகன் மலை உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, கல்யாணப் பந்தலில் தாலி பாதி வழியில் நின்றாலும் சரி. "மிஸ், நீங்க பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்று என் தோளைத் தொட்டுவிட்டுக் குனிந்தபடி போய்விடுவார். இத்தனை வருடங்களில் தியேட்டரில் ஒரு படத்தின் முடிவைக்கூட அவர் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை இடைவேளையில், சமையல் அறைக்குப் பின்னால் உள்ள படியில் உட்கார்ந்து நான் முடிவைச் சொல்லுவேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் தீர்ப்புச் சொல்லுவார். முடிவு தெரியாமல் ஒரு படத்தைப் பற்றி வாயைத் திறப்பது பாவம் என்பது அவருடைய கொள்கை. பாதி பார்த்துவிட்டே திட்ட ஆரம்பிக்கிற எனக்கு அது ஒரு கொட்டு.

அந்தத் தீர்ப்புகளை நான் எழுதி வைத்திருக்க வேண்டும். நூறு பேரை அடித்து விரட்டும் கதாநாயகனைப் பற்றிச் சொன்னார்: "எல்லாஞ் சரிதான் மிஸ். இவன் ஒரு நாளாச்சும் பெரட்டுக்குப் போனானா?" காலையில் தொழிலாளர்களை நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் முப்பது வருடம் நின்ற குடும்பம் அவருடையது. வேலைக்குப் போகாத வீரனை அவரால் மதிக்க முடியவில்லை. பேய்ப் படம் ஒன்றுக்குச் சொன்னது: "பேய்க்கு என்னா, வேலவெட்டி இல்லாம நடந்துக்கிட்டு கெடக்கு. அந்த பங்களாவக் கூட்டிப் பெருக்குறவ ஒத்த ஆளா இருக்கா பாருங்க, அவள நெனச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு." தேயிலை மலையில் ஒரு ஜோடி பாட்டுப் பாடி ஓடியபோது தியேட்டரிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டார்: "செடிய மிதிக்குறானே, கணக்கப்பிள்ளை எங்க போயிட்டாரு?" முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் படத்தில் அது பிழை, இது பிழை என்று அடுக்கினால், "மிஸ் படத்துக்கும் கணக்கு மாதிரி மார்க் போடுறீங்க" என்பார்.

வீட்டில் ராமையா அண்ணனுக்கு அக்காதான் தியேட்டர். சனிக்கிழமை பின்னேரம் பாதிப் படம், திங்கட்கிழமை பின்னேரம் மீதிப் படம். நடுவில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க, முடிவு என்னவாக இருக்கும் என்று புருசனும் பெண்சாதியும் சண்டை பிடிப்பார்களாம். நான் சொல்லும் முடிவு, தோட்டத்து வரிசை வீடான அந்த லயத்துக் காம்பராவில் இன்னொரு ஆளும் காத்திருந்து கேட்கிற ஒன்று என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது.

அவர்களுக்கு ஒரே பிள்ளை கலா. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போனாள். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு போன் வந்தது. பிறகு மாதத்துக்கு ஒன்று. பிறகு நின்றுவிட்டது. அனுப்பிய ஏஜென்சிக்காரன் இன்றைக்கு வா, நாளைக்கு வா என்றான். அக்கா மணி அடித்தார், கூட்டினார், தேத்தண்ணி ஊற்றினார். ஆனால் இடுப்பில் சொருகிய போனை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்ப்பார். நாலு மாதம் அப்படியே போனது.

மனம் கொஞ்சம் ஆறட்டும் என்று நான்தான் வற்புறுத்திப் படத்துக்கு அழைத்தேன். என்ன கதை என்று விசாரிக்காமல் போனது என் பிழை. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன ஒரு பெண்ணின் கதை அது. இடைவேளையில், "போயிடுவோமா அக்கா?" என்று கேட்டேன். "இல்ல மிஸ், இருந்து பாப்போம்" என்றார். அந்தப் பெண்ணின் தாய் எயார்போர்ட் வாசலில் வந்து நிற்கிற இடத்தில் நாலே முக்கால் ஆனது. அக்கா எழுந்தார். வழக்கம்போல் தோளைத் தொட்டார். ஒன்றும் சொல்லாமல் போனார்.

எயார்போர்ட்டில் அந்தத் தாயிடம் வந்து சேர்ந்தது ஒரு சவப்பெட்டி. படம் அதோடு முடிந்தது.

ஞாயிறு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை அக்கா தேத்தண்ணியை என் கையில் தந்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். "சொல்லுங்க மிஸ். வந்துட்டாளா?"

"வந்துட்டா அக்கா" என்றேன். "ஓடி வந்து அம்மாவக் கட்டிப்பிடிச்சு அழுவுறா. அதோட முடியுது."

"என்னா உடுத்தியிருந்தா?"

"நீலச் சுடிதார்."

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சரி" என்றார். அன்றைக்கு மட்டும் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து, "அவரு ராத்திரி ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னாரு மிஸ்" என்றார். பொய் சொன்னதற்காக அதுவரை என்னையே திட்டிக்கொண்டிருந்தவள், அதைக் கேட்டதும் நிறுத்திவிட்டேன்.

தீபாவளியன்று பிற்பகல் அதே படத்தை டிவியில் போடப்போவதாக விளம்பரம் வந்தபோதுதான், மாட்டிக்கொண்டேன் என்று புரிந்தது. போன் எடுத்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நல்ல நாளும் அதுவுமாக எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை. லீவு முடிந்து பாடசாலைக்குப் போன அன்று சமையல் அறைப் பக்கமே போகவில்லை. அக்காவே தேத்தண்ணியோடு என்னைத் தேடி வந்தார்.

"அந்தப் படத்தப் போட்டான் மிஸ். கடைசி நேரம் பாத்து கரண்டு போயிருச்சு. முடிவு பாக்க எனக்குக் கொடுத்து வைக்கல" என்றார்.

என் உயிர் திரும்பி வந்தது. நான் தலையை ஆட்டினேன். அவர் போகும்போது நின்று, "அது போனாப் போவுது. மிஸ் சொல்ற முடிவு படத்துல வர்றத விட நல்லாவே இருக்கு" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து, அந்த வாரம் முழுக்க நான் மகிழ்ச்சியாகத் திரிந்தேன். எவ்வளவு மடச்சி நான்.

அடுத்த வருடம் கலா வந்துவிட்டாள். வேலை செய்த வீட்டில் போனைப் பறித்து வைத்திருக்கிறார்கள். எப்படியோ வெளியே வந்து, பல கை மாறி ஊர் வந்து சேர்ந்தாள். அக்கா எயார்போர்ட்டுக்குப் போய்க் கூட்டி வந்தார். "கட்டிப்பிடிச்சு அழுதாளா அக்கா?" என்று கேட்டேன். "எங்க மிஸ்! 'பசிக்குதும்மா'ன்னா. பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ல என் மடியில தூங்கிட்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சடங்கு. நான் படிப்பித்த பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்றார்கள். பின்னேரம் நாலு மணிக்கு அக்காவைத் தூக்கினார்கள். பெண்கள் நாங்கள் பாதை திரும்புகிற இடம்வரை போய்த் திரும்பினோம். மயானம் மேட்டில் இருப்பதால் ராமையா அண்ணனாலும் போக முடியவில்லை. காம்பராவில் நாற்காலியில் அவர், பக்கத்தில் பாயில் நான். கலா அடுப்படியில் இருந்தாள்.

"கலா வந்த பொறவு ஒரு நாள் பாக்கியம் சொன்னா மிஸ்" என்று ஆரம்பித்தார். "அந்த வெளிநாட்டுப் படம். நீங்க முடிவு சொன்னீங்களே, அன்னைக்கே அவளுக்குத் தெரியுமாம். 'மிஸ்ஸுக்குப் பொய் சொல்ல வராது, மூஞ்சி காட்டிக் கொடுத்துரும்'னா."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தீவாளிக்குக் கரண்டு போகல மிஸ். அந்தத் தாய்க்காரி எயார்போர்ட்டுக்கு வந்து நின்னா பாருங்க, அந்த எடத்துல இவ எந்திரிச்சுப் போயி மெயின் சுவிச்ச இறக்கிட்டா. நான் பாக்கக் கூடாதுன்னு." தியேட்டரில் எழுந்து போன அதே இடம்.

அவர் பக்கத்துச் சுவரைக் கையால் தட்டிக் காட்டினார். லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவே ஒரு சுவர்தான், அதுவும் கூரைவரை முட்டாது. "இங்க நின்னுருச்சு. அங்க அவங்க டிவி ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு. ஒப்பாரி பூரா கேட்டுச்சு. பொட்டியப் புடிச்சுக்கிட்டு அந்தப் பொம்பள அழுவுறது, எல்லாம். ரெண்டு பேரும் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தோம். அவ, 'தேத்தண்ணி போடவா?'ன்னா. நான், 'போடு'ன்னேன். அதுக்கு மேல ஒண்ணும் பேசிக்கல."

அண்ணன் அழவில்லை. நான்தான் அழுதேன். "மன்னிச்சிக்கோங்க அண்ணே" என்றேன். "எதுக்கு மிஸ்? நீங்க சொன்னது மாதிரிதானே ஆச்சு. நீலச் சுடிதார் மட்டும் இல்ல" என்றார்.

கலா வந்து எட்டிப் பார்த்தாள். "மிஸ், பண்டாரவளைக்குப் போற அஞ்சு மணி பஸ்ஸுக்கு நேரமாச்சு. நீங்க போங்க. அவங்க மேல இருந்து வந்ததும் எப்புடி முடிஞ்சதுன்னு நான் போன்ல சொல்றேன்."

நான் எழவில்லை. கீழே பாதையில் பஸ் ஹோர்ன் அடித்துவிட்டுப் போவது கேட்டது.

அக்கா, நீங்கள் பஸ் ஏறிப் போன பிறகு நடந்ததையெல்லாம் எப்போதும் நான்தானே வந்து சொன்னேன். இதையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மணிபோல ஆண்கள் திரும்பி வந்தார்கள். உங்கள் தம்பி மகன் வாசலில் நின்று, "நல்லபடியா முடிஞ்சது மாமா, மழை வரல" என்றான். ராமையா அண்ணன், "அப்ப சரி" என்றார், நீங்கள் சொல்வது மாதிரியே. கலா சோறு போட்டாள். அவர் முதலில் வேண்டாம் என்றார், பிறகு கொஞ்சம் சாப்பிட்டார். பக்கத்துக் காம்பராவில் யாரும் டிவி போடவில்லை. இது நானாகச் சொல்லும் முடிவு இல்லை, அக்கா. கடைசிவரை இருந்து பார்த்தேன். வேண்டுமானால் என் முகத்தைப் பாருங்கள்.