பதினாலாம் பக்கத்தை எடுக்க மாட்டேன்

இன்று காலை ஓசூர் படிப்பு மையத்தில் இருந்தவர்கள்: என் ப்ராஜெக்டைத் திருத்தும் சார், நான், என்னோடு அஞ்சல்வழியில் படிக்கும் சரளா அக்கா.

தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை மிதித்த ராகிக் கொல்லைகளைப் பற்றித்தான் என் ப்ராஜெக்ட். தேதி, கொல்லை, சேதம் எல்லாம் நோட்டில் குறித்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்காருவேன்.

சார் பதினாலாம் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டார். தன் கொல்லையை மிதித்துவிட்டு யானை போன பிறகு அதன் காலடித் தடத்தில் கற்பூரம் ஏற்றி அழுத முனியம்மாவைப் பற்றிய பக்கம் அது.

"பக்தி, அழுகை எல்லாம் ஆய்வுல வராதும்மா. எடுத்துட்டா பாஸ்."

"சார், எல்லாரும் கரண்ட் வேலி போடச் சொன்னாங்க. 'பிள்ளையார் மேலயா கரண்ட் விடுவேன்?'னு அந்தம்மா மறுத்துட்டாங்க. அந்த யானை உயிரோட இருக்கக் காரணமே அந்த பக்திதான்."

சரளா அக்கா சும்மா இருக்கவில்லை. "சார், உங்க டேபிள்ல ஒரு பிள்ளையார் இருக்காரே, அவரையும் அடிச்சிருவீங்களா?"

சார் சிரிக்கவில்லை. "அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

பார்த்துக்கலாம் சார். ஒரு முனியம்மாவைத்தானே அடித்தீர்கள்? அடுத்த தடவை பத்துப் பேர் கதையோடு வருகிறேன்.

கொல்லை வைத்திருக்கிறவர்களே, யானை வந்துபோன மறுநாள் காலையில் நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.