லேப்டாப்பை முகர்ந்து பார்த்தவர்

ஆம்பூர்க் கடையில் இரண்டு லேப்டாப்புகளுக்கு நடுவே எதை எடுப்பதென்று விழித்துக்கொண்டிருந்தேன். ஒன்று ஆபீஸ் வேலைக்கான கறுப்பு; விலை ஜாஸ்தி. மற்றது பேருக்குக் கேமிங், விலை கம்மி, கீபோர்டு முழுக்க வண்ண விளக்குகள்.

பக்கத்தில் நின்ற பாய் தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பவராம். நகக்கண்ணெல்லாம் சாயம். நான் கேட்காமலே இரண்டையும் கவிழ்த்தார், மூடியைக் கட்டைவிரலால் அழுத்தினார், கடைசியில் முகர்ந்தும் பார்த்தார்.

"கேமிங்கு வயித்துத் தோலு மாதிரி தொளதொளன்னு இருக்குது தம்பி. கறுப்பு முதுகுத் தோலு. கண்ண மூடிக்கினு எடு, உழைக்கும்."

எடுத்தேன். பில் போட்டுத் திரும்பினால், கேமிங் லேப்டாப்பை அணைத்தபடி அவர் நிற்கிறார்.

"இன்னா பாய், வயித்துத் தோலுன்னீங்க?"

"இருக்கட்டுமே, லைட்டு எரியுதில்ல!"

என்னுடையது பழுதானதும் நானும் லைட்டு எரிவதை வாங்கக் காத்திருக்கிறேன். பாழாய்ப்போனது, ஐந்து வருடமாக உழைத்துக்கொண்டே இருக்கிறது.