வெறுந்தண்ணீர்

பழவேற்காட்டில் படகு ஏறும்போதுதான் அந்த அம்மாளைப் பார்த்தேன். 1970-களின் தொடக்கம் அது. ஏரிக்கு அக்கரையில் எனக்கு வாத்தியார் வேலை. அம்மாளுக்குக் கதர்ப் புடவை, தடித்த கண்ணாடி. மடியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பழைய பயணப் புத்தகம். அதன் ஓரத்தில் பென்சிலால் துரையோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

"காலேஜ்ல இங்கிலீஷ் இலக்கியம் நடத்தறேன் சார். நம்மள ஆண்டவங்க நம்ம ஊர்களை எப்படி எழுதினாங்கன்னு ஆராய்ச்சி. இந்த ஏரியை, 'யாருக்கும் சொந்தமில்லாத வெறுந்தண்ணீர்'னு எழுதியிருக்கான், பாருங்க!" அடிக்கோடு இழுத்த வேகத்தில் பென்சில் முனை ஒடிந்தது.

வெயில் ஏறியது. படகு எதையோ சுற்றி வளைத்துப் போனது. அம்மாள் பொறுமையிழந்து படகுக்காரரிடம், "எதிர்ல ஒண்ணுமே இல்லையே, நேரா போகக் கூடாதா?" என்றார்.

"இன்னாம்மா, ஒண்ணுமில்லன்றீங்க? அந்த எடம் இன்னிக்கு பக்கத்துக் குப்பத்துக்காரங்க பாடு. அவங்க வலை போடற மொற. நாம குறுக்க பூந்தா மீனு கலைஞ்சிடும். நாளைக்கு அதே எடம் எங்க பாடு. இங்க ஒவ்வொரு தண்ணிக்கும் பேரு கீது, மொற கீது."

அம்மாள் நிதானமாகப் பென்சிலைச் சீவினார். துரையின் வரிக்குக் கீழே, "எனக்கும் அப்படித்தான் தெரிந்தது" என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அவருடைய ஆராய்ச்சி அச்சில் வந்ததா, எனக்குத் தெரியாது. வந்திருந்தால், தான் எழுதிய அந்த ஒரு வரியை அதில் விட்டுவைத்திருப்பாரா என்றுதான் இன்னமும் யோசிக்கிறேன்.