பாலக்கோட்டின் குரல்

சர்தார் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சு, காரிமங்கலம் கடைத்தெருவில் ஒரு ஓட்டுக் கட்டடத்தின் பின்னறை. ஆள் உயரப் பலகை, அதில் வரிசையாகத் துளைகள், துளைகளில் செருக ஒயர்கள். புளி மண்டி, அரிசி மில், டாக்டர், போலீஸ் ஸ்டேஷன் என்று ஊரில் போன் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு துளை. யார் யாரோடு பேசினாலும் ஒயரைச் செருகுவது அவர் கை. ஊர்ப் பேச்செல்லாம் அவரைத் தாண்டிப் போயிற்று. அவரோடு பேசுவதற்கென்று யாரும் கூப்பிட்டதில்லை.

ஒரு குரல் தவிர.

தினமும் காலையில் பக்கத்து ஊர்களுக்குப் போகும் லைன்களைச் சோதிக்க வேண்டும். அந்த முனையில் இருப்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார். தெளிவாகக் கேட்டால் இந்த முனையில் ஓகே சொல்ல வேண்டும். பாலக்கோட்டு லைனில் சில வருடங்களுக்கு முன் ஒரு பெண்குரல் புதிதாக எண்ண ஆரம்பித்தது. ஒரு நாள் நாலோடு நின்றுவிட்டது.

"காரிமங்கலம், எண்ணி எண்ணி வாயே புளிச்சுப் போச்சுங்க. அங்க மழையா?"

"தூறல்தான்."

"இங்க அதுவும் இல்ல. லைன் நல்லாக் கேக்குதா?"

"கேக்குது."

"அப்ப இனிமே மழையே பேசிக்கலாம். எண்ண வேணாம்."

அப்படித்தான் தொடங்கியது. அவள் பெயர் தீர்த்தம்மாள் என்பதே பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை அவள் பாலக்கோடு, அவர் காரிமங்கலம். பெயர் தெரிந்த பிறகு அவர் பாய் ஆனார். அவள் பாலக்கோடாகவே இருந்தாள்.

முதலில் மழை. பிறகு அரசியல், அது சர்தாரின் பங்கு. அறையில் ஸ்டவ்வைப் பற்றவைத்துவிட்டு ரேடியோவில் செய்தி கேட்டுவிட்டுத்தான் வேலைக்கு வருவார். கடைசியில் நாள். அவள் பக்கத்துச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. தாளைக் கிழித்து, இன்றைக்கு யார் பிறந்தார், யார் மறைந்தார் என்று வாசிப்பாள். பெரியவர்கள் பிறந்த நாளுக்கெல்லாம் அவளிடம் ஒரு குறும்பு உண்டு. "இவரு பொறந்ததுக்கு இன்னைக்கு லீவு. நாம பொறந்ததுக்கு நாமளே வேலைக்கு வர்றோம்."

இவ்வளவும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு சர்தாருக்கு அந்த நாளில் பேச்சு என்று எதுவும் இல்லை. நம்பர் கேட்பார்கள், கொடுப்பார். மனைவி ஜான் பீ இறந்து, மகள் ஆம்பூருக்குக் கல்யாணமாகிப் போன பிறகு அவர் இருந்தது பள்ளிவாசல் சந்தில் ஒற்றை அறை. வீட்டில் பேசிய உருது வாயைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. தொழுகை முடிந்து வரும்போது கேட்கும் நலம் விசாரிப்புகளுக்கு வேண்டிய அளவுதான் மிச்சம்.

ஜான் பீயின் நினைவு நாளில் மகள் பிறைக்கணக்கில் பாத்திஹா ஓதுவாள். அந்த நாள் வருடந்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். சர்தார் ஆம்பூர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஆனால் ஒரு பிப்ரவரிக் காலையில், தாளைக் கிழிக்கும் சத்தத்துக்குப் பிறகு தீர்த்தம்மாள் சொன்னாள்:

"இன்னைக்குக் காலண்டர்ல யாரையும் போடலைங்க பாய். ஆனா உங்க வூட்டம்மா போன நாளு."

முந்தின வருடம் வாய்தவறிச் சொன்னதை நினைவு வைத்திருந்தாள். சர்தார் ஓகே என்றார். லைன் தெளிவாக இருந்தால் சொல்வது போலவே சொன்னார்.

எண்பத்தாறில் இரண்டு ஊருக்கும் தானியங்கி எக்ஸ்சேஞ்சு வருவதாக உத்தரவு வந்தது. இனி அவரவர் நம்பரை அவரவரே சுழற்றிக்கொள்ளலாம். நடுவில் ஆள் வேண்டாம். லைனைச் சோதிக்கவும் வேண்டாம். சர்தாரைப் பில் கட்டும் கவுண்டருக்கும், தீர்த்தம்மாளைத் தர்மபுரியில் பழைய கோப்புகள் வைக்கும் அறைக்கும் மாற்றினார்கள்.

அந்த மாதம்தான் சென்னையில் சட்ட மேல்சபையை எடுத்திருந்தார்கள்.

"அதுல இருந்தவங்கல்லாம் இனிமே என்ன பண்ணுவாங்க பாய்?"

"நம்மள மாதிரி வேற ஆபீசுக்கு மாத்துவாங்க."

அவள் சிரித்தாள். காதில் மாட்டிய கருவி அதிர்ந்தது. சர்தார் சிரிக்கவில்லை. இது நின்றால் தான் யாரோடு பேசுவது என்ற கேள்வி சில நாட்களாகவே அவரிடம் இருந்தது. அதை லைனில் கேட்க முடியவில்லை. மற்ற ஊர் ஆபரேட்டர்கள் காதில் விழுந்துவிடும்.

கடைசி வாரத்தில் அவளே சொன்னாள். "ஞாயித்துக்கெழம உங்க ஊருக்கு வர்றேன். நாத்தனா வூட்ல காதுகுத்து. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். பச்சைக் குடை."

சர்தார் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். கேட்க வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

பச்சைக் குடையின் கீழே நின்றவள் ஒல்லியாக, சற்று நரைத்து, மூக்குத்தி போட்டிருந்தாள். சர்தார் மனதில் ஒரு முகமும் வைத்திருந்ததில்லை. ஆனாலும் இது வேறு யாருடைய முகமோ என்று தோன்றியது.

"வாங்க," என்றார்.

"வந்தனுங்க."

"டீ சாப்புடறீங்களா?"

"இப்பத்தான் குடிச்சேன்."

கண்டக்டர்கள் கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி என்று கத்தினார்கள். அவள் குடையை மடக்கினாள். மறுபடி விரித்தாள். சர்தார் தன் செருப்பைப் பார்த்தார். அவளை என்னவென்று கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. நேரில் நிற்கும் ஒரு பெண்ணைப் பாலக்கோடு என்று எப்படிக் கூப்பிடுவது?

கடைசியில் அவள்தான் வழி கண்டுபிடித்தாள்.

"பாய், இப்புடி நின்னா ஆவாதுங்க. நீங்க ரோட்டப் பாருங்க. நான் கடையப் பாக்கறேன்."

திரும்பிக்கொண்டாள். அவரும் திரும்பினார். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காரிமங்கலம், அங்க மழையா?"

"இல்லீங்க. மேகம் மட்டும் இருக்குது. கேப்பைக்குப் பத்தாது."

"செய்தி என்ன?"

சொன்னார். அவள் எதிர்க்கேள்வி கேட்டாள். மந்திரி ஒருவரைப் பற்றி அவள் சொன்னதற்கு, பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எதிரெதிர்த் திசையில் பார்த்துப் பேசும் இரண்டு பேரை அந்தப் பூக்காரி அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

"நாளன்னைக்கு வ.உ.சி. போயி அம்பது வருசம் ஆவுதாம்," என்றாள் தீர்த்தம்மாள். "அன்னைக்கு லைன் இருக்காது. அதான் இப்பவே சொல்லிட்டேன்."

சர்தார் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இனிமே எப்புடிப் பேசறதுங்க?"

பின்னால் குடை மடங்கும் சத்தம் கேட்டது.

"கோப்பு வெக்கற ரூம்ல போன் இல்லீங்க பாய். வூட்லயும் கெடையாது. வூடு நெறைய ஆளுங்க, கேக்கறதுக்குத்தான் ஒரு காதும் இல்ல."

"கடுதாசி போடட்டுங்களா?"

"கடுதாசியில மழைன்னு எழுதுவீங்க. எனக்கு வந்து சேர்றதுக்குள்ள வெயில் அடிச்சுடும்."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். முதுகுகள் இரண்டும் ஒரே நேரத்தில் குலுங்கின. அதற்குள் பாலக்கோட்டு பஸ் வந்து நின்றது.

அவள் ஏறிப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சர்தார் ஜன்னலுக்குக் கீழே வந்து ரோட்டைப் பார்த்து நின்றார். மாதம் ஒரு தடவை தர்மபுரிக்கு வருவதாகவும், கோப்பு அறை வாசலில் சுவரைப் பார்த்து நின்றுகொள்வதாகவும் சொல்ல வாயெடுத்தார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்காது. கேட்க வேண்டுமானால் திரும்பிச் சொல்ல வேண்டும். திரும்பினார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்குத்தி, நரை, வியர்வை. தெரியாத ஒரு பெண்.

"போயிட்டு வாங்க," என்றார் சர்தார்.

"வர்றனுங்க," என்றாள் அவள்.